விதையிலிருந்து துணி வரை: ஒரு சாண் பருத்தித் துணியை நீங்களே விளைவித்து, நூற்று, நெய்வதற்கான முழுமையான வழிகாட்டி

இயற்கை முறையில் பயிர் வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். மண்ணையும் நீரையும் கெடுக்காத துணியைத் தேடி வாங்குபவர்களும், தக்ளியும் (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கருவி) ஊசியுமாகக் கைவேலையில் பொழுதைச் செலவிடுபவர்களும் இருக்கிறார்கள். இம்மூன்றையும் ஒரே வேலையாகத் தொடர்ந்து செய்து பார்ப்பவர்கள்தான் குறைவு. அப்படிச் செய்யும்போது, செடி வளர்ப்பில் நேர்ந்த குறை நூற்கும் விரலில் தட்டுப்படுவதையும், பறிப்பில் காட்டிய அவசரம் சாயம் ஏறிய துணியில் வெள்ளைப் புள்ளியாக எழுவதையும் நேரிலேயே காணலாம். ஆகவே, ஏதேனும் ஒரு கட்டத்தைப் பெரிய அளவில் கற்பதைவிட, எல்லாக் கட்டங்களையும் மிகச் சிறிய அளவில் ஒருமுறை முழுமையாகச் செய்து முடிப்பதே தொடங்குபவருக்கு ஏற்ற வழி என்பது என் உறுதியான கருத்து. அதற்காக ஒரு சாண் சதுரத் துணி ஒன்றை இலக்காக வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு பருத்தி வேண்டும்?

துணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் அளவு தெளிவாகும். 20 செ.மீ. நீளமும் அதே அகலமும் கொண்ட துணியில், ஒரு செ.மீ.க்கு 10 இழை என்று வைத்தால், பாவுக்கு, அதாவது நீளவாக்கில் கட்டும் நூலுக்கு, 200 இழைகள் வேண்டும். சட்டத்தில் கட்டவும் முனைகளில் வெட்டி எறியவும் ஆகும் கழிவைச் சேர்த்து ஒவ்வோர் இழையும் 40 செ.மீ. என்றால் பாவு 80 மீட்டர் ஆகிறது. குறுக்காகக் கோக்கும் ஊடை 200 வரிகள். வளைவுக்கும் சுருக்கத்துக்கும் இடம் விட்டு வரிக்கு 22 செ.மீ. வைத்தால் 44 மீட்டர். மொத்தம் சுமார் 125 மீட்டர் நூல். அது இரட்டை இழை முறுக்கிய நூலாக இருக்க வேண்டுமென்பதால், நீங்கள் நூற்க வேண்டியது 250 மீட்டர் ஒற்றை இழை. பத்தாம் நம்பர் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) ஒற்றை இழை ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 17 மீட்டர் வரும். எனவே நூலின் எடை சுமார் 15 கிராம்.

சீவும்போதும் நூற்கும்போதும் வீணாவதையும் சேர்த்துப் பஞ்சு 20 கிராம் என்று கொள்ளலாம். விதையோடு கூடிய பருத்தியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு என்பதால், 60 கிராம் பருத்தி பறிக்க வேண்டும். பெரிய காய் காய்க்கும் இரகங்களில் ஒரு காய் 4 முதல் 5 கிராம் பருத்தி தரும். அதாவது 12 முதல் 15 காய்கள் போதும். நன்கு காய்த்த ஓரிரு செடிகளிலேயே அவை கிடைத்துவிடும். ஆயினும் பூச்சிக்கும் மழைக்கும் கைப்பழக்கத்துக்கும் இடம் விட்டு 10 அல்லது 12 செடிகள் வளர்ப்பது நல்லது. உங்கள் முதல் நூல் இந்தக் கணக்கைவிடத் தடிமனாகவே வரும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இரகத் தேர்வு

உலகில் பயிராகும் பருத்தி இனங்கள் நான்கு. கோசிப்பியம் ஆர்போரியம், கோசிப்பியம் ஹெர்பேசியம் ஆகிய இரண்டும் ஆசிய, ஆப்பிரிக்க நிலங்களின் பழைய இனங்கள். இவற்றின் இழை குட்டை, காயும் சிறியது. ஆனால் வறட்சியையும் சாறுறிஞ்சும் பூச்சிகளையும் நன்றாகவே தாங்கும். கோசிப்பியம் ஹிர்சூட்டம் நடுத்தர நீள இழை தருவது. இன்று உலகில் விளையும் பருத்தியில் மிகப் பெரும்பங்கு இதுவே. கோசிப்பியம் பார்படென்ஸ் மிக நீண்ட, மெல்லிய இழை தரும். ஆனால் அதற்கு நீண்ட பருவமும் கூடுதல் கவனிப்பும் தேவை.

தொடங்குபவருக்கு ஹிர்சூட்டமே ஏற்றது. இழை நீளம் 25 மி.மீ.க்கு மேல் இருக்கும்போது விரல்களுக்குப் பிடிமானம் எளிதாகக் கிடைக்கிறது. மரபணு மாற்றப்படாத, மருந்து பூசப்படாத விதையைக் கேட்டு வாங்குங்கள். இயற்கை வேளாண் தரச்சான்றுகள் மரபணு மாற்றிய விதையை ஏற்பதில்லை. பழுப்பு, பச்சை நிறங்களில் இயல்பாகவே காய்க்கும் இரகங்களும் உண்டு. அவற்றின் நிறம் சலவைச் சோடாவில் கொதிக்க வைக்கும்போது வெளிறாமல் இன்னும் அழுத்தமாவது காண வேண்டிய காட்சி. சில பகுதிகளில் காய்ப்புழு, காய்க்கூன்வண்டு கட்டுப்பாட்டுக்காக வீட்டுத் தோட்டத்தில் பருத்தி வளர்க்க முன்அனுமதி கேட்கிறார்கள். விதைக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் விதைப்பும்

பருத்திக்கு உறைபனி இல்லாத ஐந்து அல்லது ஆறு மாதங்களும் நாள் முழுவதும் வெயிலும் வேண்டும். அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் நிலத்தில் நடுவதே சிறப்பு. தொட்டியில்தான் முடியும் என்றால் 40 செ.மீ.க்குக் குறையாத ஆழமும் நல்ல வடிகாலும் அவசியம். விதைப்பதற்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே சணப்பை போன்ற பசுந்தாள் உரப்பயிரை வளர்த்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, அது மட்கியபின் நன்கு மட்கிய தொழுவுரம் சேர்க்க வேண்டும்.

தழைச்சத்தை அளவுக்கு மேல் கொடுப்பது பலர் செய்யும் தவறு. செடி தழைத்து அழகாக நிற்கும். ஆனால் காய்ப்புத் தள்ளிப்போகும், இளந்தளிரைத் தேடி அசுவினி, தத்துப்பூச்சி ஆகிய சாறுறிஞ்சும் பூச்சிகள் வந்து குவியும். அதற்கு மாறாகச் சாம்பல்சத்துக் குறைவு நேரடியாக இழையைப் பாதிக்கிறது. மண் காரத்தன்மை கொண்டதாக இல்லையென்றால் விறகுச் சாம்பலைச் சிறிதளவு தூவலாம்.

மண்ணின் வெப்பம் 18 பாகை செல்சியஸுக்கு மேல் நிலைத்தபின் விதையுங்கள். விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில், குழிக்கு இரண்டாக ஊன்றுங்கள். செடிக்குச் செடி 60 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். நான்கு இலை வந்ததும் வலுவான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

இதே நாளில் ஓரங்களில் செண்டுமல்லியையும் இடையிடையே தட்டைப்பயறையும் ஊன்றுங்கள். தட்டைப்பயறில் வரும் அசுவினியை உண்ண வரும் பொறிவண்டுகள் பருத்திக்கும் காவலாகும். செண்டுமல்லியின் மொட்டிலும் பூவிலும் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி விரும்பி முட்டையிடுவதால் புழுக்களை அங்கேயே பார்த்துப் பொறுக்கி அழிக்கலாம். அதே பூக்களை உலர்த்தி வைத்தால் பிறகு நூலுக்குச் சாயமும் கிடைத்துவிடும்.

இழை உருவாகும் நாட்கள்

விதைத்த இரண்டு மாத அளவில் முதல் பூ மலரும். வெள்ளை அல்லது மஞ்சள் கலந்த வெள்ளையாக விரிந்து, மறுநாளே இளஞ்சிவப்பாக மாறி உதிரும். பூ மலர்ந்த நாளில் அந்தக் காம்பில் ஒரு நூலைக் கட்டித் தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்து நடப்பதைப் புரிந்துகொள்ள அந்தத் தேதி மிகவும் உதவும்.

ஒவ்வொரு பருத்தி இழையும் விதையின் மேல்தோலிலிருந்து நீளும் ஒற்றைச் செல். பூத்த நாளிலிருந்து முதல் மூன்று வாரம் அது நீளத்தில் வளர்கிறது. அடுத்த மூன்று நான்கு வாரங்களில் அதன் உட்சுவரில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிந்து இழை கனக்கிறது. காய் வெடித்து உலரும்போது உருளையாக இருந்த அந்தச் செல் தட்டையாகச் சுருங்கி, தன்னைத் தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த இயல்பான முறுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் இவ்வளவு குட்டையான இழையிலிருந்து நூல் இழுக்க முடிகிறது.

இதிலிருந்து பாசன முறை தானே விளங்கும். முதல் மூன்று வாரத்தில் செடி நீரின்றி வாடினால் இழை குட்டையாகும். நூற்கும்போது அறுந்துகொண்டே இருக்கும். அதன் பின் போதிய வெயிலும் சத்தும் இல்லாவிட்டால் இழையின் சுவர் மெலிந்துபோகும். அத்தகைய முதிராத இழைகள் சீவும்போது சிறு முடிச்சுகளாகத் திரளும், சாயமும் ஏற்காது. காய்கள் வெடிக்கத் தொடங்கியதும் பாசனத்தைக் குறைத்துவிட வேண்டும்.

பூச்சிகளைப் பொறுத்தவரை, காலையில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எந்தக் கரைசலையும்விட மேலானது. தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். அசுவினியையும் வெள்ளை ஈயையும் குறிப்பாகக் காய் வெடிக்கும் நாட்களில் கண்காணியுங்கள். அவை கழிக்கும் தேன்போன்ற பாகு திறந்த பஞ்சின்மேல் சொட்டினால், பஞ்சு பின்னர் விரலிலும் நூற்கும் கதிரிலும் ஒட்டிக்கொள்ளும், கரும்பூசணமும் படரும்.

பறித்தலும் விதை நீக்கலும்

பூத்த 45 முதல் 60 நாளில் காய் வெடிக்கும். ஓடு முழுவதும் விரிந்து, பஞ்சு தளர்ந்து தொங்கும்வரை பொறுத்திருங்கள். பனி உலர்ந்தபின், இடக்கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு வலக்கையின் மூன்று விரல்களால் எல்லாச் சுளைகளையும் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். காய்ந்த இலையோ ஓட்டின் துணுக்கோ ஒட்டிவந்தால் அந்த நொடியிலேயே எடுத்துவிடுங்கள். பின்னர் அதே துணுக்கு சீவும் பலகையில் பத்தாக நொறுங்கும், நூலில் கரும்புள்ளியாக உட்காரும். இரண்டு பைகள் வைத்துக்கொண்டு, தூயதை ஒன்றிலும் கறைபட்டதையும் பாதி வெடித்ததையும் மற்றொன்றிலும் போடுங்கள். இரண்டையும் கலப்பதால் எந்த லாபமும் இல்லை.

பறித்ததை நிழலில் பரப்பி, விதையைக் கடித்தால் மொறுக்கென்று உடையும் வரை உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் அடைக்கக் கூடாது. ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

60 கிராம் பருத்தியில் விதை நீக்கக் கையே போதும். விதையை இடது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, அதைச் சுற்றியுள்ள இழையை எல்லாப் பக்கமும் சூரியக்கதிர்போல் பிரித்து விரித்தபின், சிறு சிறு கொத்தாக உருவுங்கள். அவசரப்பட்டுப் பிய்த்தால் இழை அறுந்து நீளம் போய்விடும். இன்னொரு முறை, வழவழப்பான பலகையில் பருத்தியை வைத்து, மெல்லிய இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டுவது; விதை முன்னால் பிதுங்கி விழும், பஞ்சு பின்னால் தங்கும். இழை விதையை எளிதில் விடும் இரகங்களுக்கே இது நன்றாக உதவும்.

சீவுதலும் நூற்பும்

பஞ்சு சீவும் பலகைகள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மெல்லிய படலமாகப் பஞ்சைப் பரப்பி, மற்றொன்றால் மென்மையாக வாருங்கள். கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்டால் அழுத்தம் மிகுதி என்று பொருள். நான்கைந்து முறை வாரியபின் எடுத்து, பென்சில் பருமனுள்ள குச்சியின்மேல் தளர்வாகச் சுற்றி உருவினால், பட்டை எனப்படும் நூற்பதற்கான பஞ்சுச் சுருள் தயாராகிவிடும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். பஞ்சுத்தூசி நுரையீரலுக்குக் கேடானது.

பருத்தி இழை குட்டை என்பதால், அந்தரத்தில் தொங்கும் கனமான கதிர் அதற்குப் பொருந்தாது. அடியில் சிறு கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றும் இலேசான தக்ளியே ஏற்றது. வலக்கையால் தக்ளியைச் சுழற்றிவிட்டு, இடக்கையில் பட்டையைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி மெல்ல இழுக்க வேண்டும். பட்டையை இறுகப் பிடித்தால் முறுக்கு உள்ளே ஏறி இழை பூட்டிக்கொள்ளும். தளரவிட்டால் நூல் மெலிந்து பிரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், பட்டையின் முனையில் ஒரு சிறு முக்கோணம் தோன்றும். முறுக்கு ஏறிய நூலும் முறுக்கு ஏறாத பஞ்சும் சந்திக்கும் இடம் அது. கண்ணை அங்கேயே வைத்திருங்கள். முக்கோணம் குறுகினால் கையைத் தளர்த்துங்கள். நீண்டால் முறுக்கைக் கூட்டுங்கள்.

மனம் ஒன்றிச் செய்யும் கைவேலை என்று பலர் பொதுவாகப் பேசுவதை, அந்த முக்கோணத்தின்மேல் நிற்கும் கவனம் என்றே நான் புரிந்துகொள்கிறேன். எண்ணம் வேறெங்காவது போகும்போது விரல் இறுகுகிறது, நூலில் ஒரு தடிப்பு விழுகிறது. கவனம் திரும்பியதும் நூல் மீண்டும் சீராகிறது. கோபத்தோடு உட்கார்ந்தால் முறுக்கு மிகுந்து நூல் சுருண்டுகொள்வதையும், அசதியில் நூற்றால் முறுக்குக் குறைந்து உதிர்வதையும் நீங்களே பார்ப்பீர்கள். ஆகவே, தோள் தளர்ந்து முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். ஒரு வேளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் நூற்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நூற்றதில் ஒரு சாண் வெட்டி, தேதியோடு ஒரு குறிப்பேட்டில் ஒட்டிவைத்தால், உங்கள் கை பழகும் விதம் வரிசையாகத் தெரியும்.

முறுக்கு போதுமா என்று பார்க்க, நூலைச் சற்றுத் தளரவிடுங்கள். உடனே தன்மேல் சுருண்டு நின்றால் சரி. தொய்ந்து தொங்கினால் இன்னும் முறுக்க வேண்டும். ஒற்றை இழைகள் சேர்ந்ததும், இரண்டை இணைத்து எதிர்த் திசையில் முறுக்கிச் சிட்டமாக (பெரிய வளையமாக)ச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள்.

அழுக்கு நீக்கலும் சாயமும்

பதப்படுத்தாத நூலின்மேல் இயற்கையான மெழுகு படிந்திருப்பதால் நீரே உள்ளே இறங்காது. நூலின் எடையில் 2 சதவீதம் சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் கரைத்த நீரில் ஒரு மணி நேரமாவது கொதிக்க வையுங்கள். நீர் பழுப்பாக மாறும். அலசியபின் ஒரு சொட்டு நீர் விட்டால் அது உருளாமல் உடனே உறிஞ்சப்பட வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத நூலில் எந்தச் சாயமும் சீராகப் பிடிக்காது.

சாயத்தை நூலில் நிலைக்கச் செய்வது படிகாரம். கம்பளியும் பட்டும் அதைப் பற்றிக்கொள்வதுபோலப் பருத்தி எளிதில் பற்றிக்கொள்ளாது. முதலில் துவர்ப்புப் பொருள் ஏற்ற வேண்டும். நூலின் எடையில் 20 சதவீதம் கடுக்காய்த்தூளை வெந்நீரில் கரைத்து, நூலை ஓர் இரவு ஊறவையுங்கள். பிழிந்தபின், 15 முதல் 20 சதவீதம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் மீண்டும் சில மணி நேரம் ஊறட்டும். அதாவது 15 கிராம் நூலுக்குக் கடுக்காயும் படிகாரமும் தலா 3 கிராம். பிறகு நூலின் எடைக்குச் சமமான உலர்ந்த செண்டுமல்லிப் பூவை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடித்த சாற்றில், கொதிநிலைக்குக் கீழே ஒரு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். அழுத்தமான பொன்மஞ்சள் கிடைக்கும். மிகச் சிறிதளவு இரும்பு உப்பு கலந்த நீரில் நனைத்தால் அது ஆலிவ் பச்சையாக மாறும். ஆனால் இரும்பு நூலின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டினால் நாளடைவில் பருத்தி நைந்துபோகும். மஞ்சிட்டி வேர் சிவப்பு தரும். அவுரிக்குப் படிகாரம் தேவையில்லை. அதன் சாயத்தொட்டி வேறு வகை வேதியியல், தனியே கற்க வேண்டியது.

மஞ்சள் கிழங்கும் பீட்ரூட்டும் முதல் நாள் கண்ணைப் பறிக்கும். வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். அவற்றைச் சாயமாக நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு நூல் துண்டின் பாதியை அட்டையால் மறைத்து இரண்டு வாரம் வெயிலில் வைத்தால், எந்தச் சாயம் நிற்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சாயப் பாத்திரங்களைச் சமையலுக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். முதல் துணிக்கு ஊடையை மட்டும் சாயமிட்டு, பாவு நூலைப் பருத்தியின் சொந்த வெள்ளையிலேயே விடுவது என் பரிந்துரை.

நெய்தல்

30 செ.மீ. நீளமுள்ள உறுதியான மரச்சட்டம் ஒன்றில் மேலும் கீழும் செ.மீ.க்கு ஐந்தாகச் சிறு ஆணிகளை இரண்டு வரிசையில் மாற்றி மாற்றி அடித்தால், நூல் போய்த் திரும்பும்போது செ.மீ.க்கு 10 இழை அமையும். பாவு நூலை நீர்த்த மாவுக் கஞ்சியில் நனைத்து, இழுத்துக் கட்டி உலர்த்தியபின் சட்டத்தில் ஏற்றுங்கள். கஞ்சி போடாத கைநூல் உரசலில் பஞ்சாக எழும்பி அறும். ஒன்றுவிட்டு ஒன்றான இழைகளை ஒரு தட்டைக் கோலால் உயர்த்தலாம். மற்ற இழைகளுக்கு நூல் கண்ணிகளால் விழுது கட்டி, ஒரு குச்சியில் கோத்துத் தூக்கலாம்.

ஊடையை நீண்ட ஊசியில் கோத்து, ஒவ்வொரு வரியையும் சற்றுச் சாய்வாக விட்டு, பிறகு சீப்பால் தட்டி இறக்குங்கள். நேராக இழுத்தால் கரைகள் உள்வாங்கி, துணி நடுவில் இடுப்பு ஒடுங்கியதாகிவிடும். முடிந்ததும் சட்டத்திலிருந்து எடுத்து, முனைகளை முடிந்து, வெந்நீரில் அலசுங்கள். துணி சுருங்கி, இழைகளுக்கு இடையிலிருந்த சந்துகள் அடைபட்டு, அப்போதுதான் உண்மையான துணியாகும்.

மிச்சமானவை

நூலில் மிஞ்சியதைக் கிழிந்த உடைகளை இழையோட்டித் தைக்க வைத்துக்கொள்ளுங்கள். வடித்த பூச்சக்கையும் சீவிய கழிவும் மட்கும் குழிக்குப் போகலாம். படிகார நீர் அமிலத்தன்மை கொண்டது; நன்கு நீர்த்தபின், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கொட்டாமல், பயிரில்லாத தரையில் பரவலாக ஊற்றுங்கள். பருத்திச் செடிகளை மறுதாம்புக்கு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்க) விடாமல் வேரோடு பிடுங்கிவிடுவது அவசியம். இல்லையெனில் காய்ப்புழு அடுத்த பருவம் வரை அதிலேயே தங்கும்.

விதைக்கு, பூச்சி தாக்காத செடியில் தேதி குறித்த காய்களிலிருந்து எடுத்ததை மட்டும் சேமியுங்கள். பருத்தி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டாலும் தேனீக்கள் அயல் மகரந்தத்தையும் கொண்டுவரும். ஆகையால் பக்கத்தில் வேறு இரகம் இருந்தால், மலருவதற்கு முந்தைய மாலையே மொட்டின் நுனியை நூலால் கட்டிவிட வேண்டும். உலர்ந்த விதையைக் காற்றோட்டமான துணிப்பையில், இரகத்தின் பெயரும் பறித்த தேதியும் எழுதி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் அடுத்த விதைப்புக்கு அதுவே போதும்.